பாலாற்றங்கரைப் பிள்ளைகளின் மரபணு மீது பழி போடாதீர்கள்

2025 ஜனவரி 9 அன்று 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 30 அன்று, தோல் தொழிற்சாலைகள் சீரழித்த பாலாற்றை மீட்கக் குழு அமைக்கவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதல் செய்தியைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தார்கள்?

இனி எந்த நோய்க்கும் ‘உங்கள் ஜீனில் இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். சர்க்காருக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது. இந்தப் பேச்சை உரசிப் பார்க்கப் பாலாற்றங்கரை வேலூரில் ஒரு நோய் இருக்கிறது: ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எச்யுஎஸ்.

குழந்தைக்கு ரத்தபேதி. சில நாளில் வயிறு தேறிவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடும்போதுதான் வினை தொடங்கும். முகம் வெளுக்கும், கண்ணைச் சுற்றி வீங்கும், சிறுநீர் குறைந்து நின்றே போகும். கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் புண்ணாக்க, அங்கே ரத்தம் உறைந்து அடைக்கும். அந்த இடுக்கில் சிவப்பணுக்கள் சிதையும். தென்னிந்தியக் குழந்தைகளை இந்த நோய் தாக்குவதை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1978இலேயே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் சுட்டியது ஷிகெல்லா கிருமியை. நோய் வர 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே போதும். கழுவாத கையும் கலங்கிய குடமும் அதற்குத் தாராளம்.

ரத்தபேதியைக் கொள்ளைநோயாகப் பரப்பிய ‘டைப் 1’ வகை ஷிகெல்லா பின்னாளில் அருகிப்போனது. அதனால் வந்த எச்யுஎஸ்ஸும் கூடவே அருகியது. இடைப்பட்ட காலத்தில் வேலூர்க்காரர்களின் மரபணு மாறிவிட்டதா? அதே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள்?

மரபணுக் கட்சியினர் உடனே ஒரு கணக்கை நீட்டுவார்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. எச்யுஎஸ் வந்த இந்தியக் குழந்தைகளில் 56 விழுக்காட்டினருக்கு, அதாவது 138 பேருக்கு, உடலைக் காக்கும் ‘ஃபேக்டர் எச்’ புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்தன. சோதிக்கப்பட்ட 68 பேரில் 60 பேருக்கு சிஎஃப்எச்ஆர்1 என்ற மரபணு தாய்வழியும் இல்லை, தந்தைவழியும் இல்லை. வலுவான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இது ரத்தபேதிக்குப் பின் வரும் எச்யுஎஸ் இல்லை, வேறு வகை. அந்த மரபணு இல்லாமலே எந்தக் குறையுமின்றி நடமாடுகிறவர்களும் ஏராளம். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை இவர்கள் உரக்கச் சொல்வதில்லை: பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தாமதமின்றிக் கிடைத்த பிள்ளைகள் மேலாகத் தேறினார்கள். அந்த வசதி பாலாற்றங்கரை ஆம்பூருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதைச் சொல்ல மரபணு வரைபடம் எதற்கு?

2011இல் ஜெர்மனியைப் பாருங்கள். ஈ.கோலை கிருமியால் 800க்கும் மேற்பட்டோருக்கு எச்யுஎஸ். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டார்கள் என்று தட்டுத் தட்டாக விசாரித்து, முளைகட்டிய தானியம் விற்ற ஒரு பண்ணையைப் பிடித்தார்கள். அங்கிருந்து நூல் பிடித்துப் போய் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. அவர்கள் அவசரமாகப் படித்தது கிருமியின் மரபணுவை. நோயாளியின் மரபணுவைப் படித்துவிட்டு வந்து வெந்தயத்தைத் தேடவில்லை.

இங்கேயோ முதல் கேள்வியே ‘சொந்தத்தில் கட்டினீர்களா?’ என்பதுதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழகத்தில் 28 விழுக்காடு பெண்கள் உறவில் மணந்தவர்கள். சில அரிய நோய்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ரத்தபேதிக்குப் பொருந்துமா? அத்தை மகனைக் கட்டிக்கொண்டு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தாயைக் குற்றவாளியாக்கத்தான் அது உதவும்.

தோல் தொழிற்சாலை விடும் குரோமியத்தால் எச்யுஎஸ் வராது, சரி. ஆனால் டேனரிக் கழிவின் உப்பேறிக் கிணறு செத்தபின், தெரு முழுக்கக் குழாயையும் லாரியையும் கேன் தண்ணீரையும் நம்பித்தானே கிடக்கிறது? அந்தக் குழாய் சாக்கடைக்குள் ஊறிக் கிடந்தால் கிருமிக்கு வேறு வழி எதற்கு? தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் பதிவுசெய்தது. 28 ஆண்டுக்கு மேல் கழித்து அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒவ்வொரு தெருக் குழாயிலும் சுத்தமான தண்ணீர் வரும்வரை, மரபணுப் பரிசோதனைக்கென்று அரசு ஒரு ரூபாய்கூட இங்கே ஒதுக்கக் கூடாது. அந்தப் பணத்தில் முதலில் குழாயைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுங்கள்.