கலந்தது யார்?

வீட்டுக்குள்ளேயே மதுக்கூடம் அமைப்பது கனவான்களின் புது மோகம். சீமைச் சரக்கு இருந்தால் மட்டும் போதாதாம். அதில் கலக்க டானிக் நீர், இஞ்சிச் சோடா, கோலா எல்லாம் அலமாரியில் அணிவகுக்க வேண்டுமாம்! அணிவகுக்கட்டும். அவர்கள் பணம், அவர்கள் அலமாரி.

ஆனால், தோழர்களே, அந்த டானிக் நீரின் கதை தெரியுமா? சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது கொயினா, மலேரியாவுக்கு மருந்து. நம் நீலகிரியிலே, நடுவட்டத்திலே, 1860களில் வெள்ளையர் அரசு அந்த மரத்தைப் பயிரிட்டது. கைதிகளையும் அங்கே வேலை வாங்கியது. கொயினாவின் கசப்புத் தாளாத துரைமார் சர்க்கரையும் சோடாவும் சேர்த்துப் பருகினர். பின்னர் ஜின்னும் சேர்ந்தது. மருந்து, மதுவுக்குத் துணையாயிற்று!

கசப்பை மறைக்கத்தான் கலப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பாட்டாளிக்கோ எந்தச் சோடாவாலும் மறைக்க முடியாத கசப்பு ஒன்று உண்டு. அதுதான் அவன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்!

உப்பிட்டு வந்த தோலைக் கழுவிய நீரும், குரோமியக் கழிவும் பாலாற்றங்கரையை உவராக்கின. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதென்பது உச்சநீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது அத்தீர்ப்பு. நடந்ததா? 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுங்கள், மாசுபடுத்தியோரிடம் வசூலியுங்கள் என்று மறுபடியும் சொல்ல நேர்ந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்! பாலாற்றங்கரை ஊர்களுக்குக் குடிநீர், மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரியிலிருந்து வரவேண்டியதாயிற்று.

2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசுதான். நண்பகல் 12 மணிக்குக் கடை தவறாமல் திறக்கிறது. அந்த ஒழுங்கு குடிநீர்க் குழாய்க்கு உண்டா?

ஆலையை மூடு என்பதல்ல நம் பேச்சு. தோல் ஆலையும் ஷூ கம்பெனியும் ஆயிரமாயிரம் வீட்டு அடுப்பை எரிய வைக்கின்றன. "வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பது முதலாளியின் தந்திரம். இரண்டும் வேண்டும்! கழிவைச் சுத்திகரிக்கும் செலவு இலாபத்திலிருந்து வரட்டும். கூலியிலிருந்தும் அல்ல, குடத்திலிருந்தும் அல்ல.

கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: எங்கள் கிணற்று நீரை எப்போது சோதித்தீர்கள்? முடிவு என்ன? இழப்பீடு எவருக்குச் சேர்ந்தது, எவருக்கு நிலுவை?

மதுவில் எதைக் கலப்பது என்ற பாடம் பிறகு இருக்கட்டும். ஆற்றில் எதைக் கலந்தீர்கள் என்பதற்கு முதலில் பதில் வரட்டும்!