வெயில் மேல் பழி

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குண்ணா? அது குளிர் நாட்டுக்காரனுக்கு." கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களின் காதில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது விழுந்திருக்கும். சொல்பவர் கையில் ஸ்பானர் இருப்பதால் எதிர்க்கேள்வி எழுவதில்லை. கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் வால்வு கழன்று கிரீஸ் டப்பா பக்கத்தில் கிடக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் நிறையும். பேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தாகிவிடும். வண்டி ரெடி.

இது சங்கராபுரத்தின் தனிச்சொத்து இல்லை. தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஞானம். ஆனால் இன்று அது கைவைக்கும் வண்டிகள் மாறிவிட்டன. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அங்கே ஓட்ட முடியாத பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் ஆடியும் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குக் கிளம்பின. புதிதாக 40 லட்சம் விலைபோன கார் ஒரு புது மாருதியின் விலைக்கு, அதற்கும் குறைவாகக்கூட, கிடைக்கிறது. வாங்குபவர் பார்ப்பது காரின் விலையை. அது இறங்கும். வாட்டர் பம்பின் விலை இறங்காது. அது இன்னும் 40 லட்சம் ரூபாய்க் காரின் வாட்டர் பம்ப்தான். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பாதிப் பேர் "கழற்றிப் போட்டுடுங்க" என்று தலையாட்டுகிறார்கள்.

முதலில் வெயில் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. அந்த நாட்டில் ஓடும் ஜெர்மன் கார்களில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. 2007 மார்ச்சிலிருந்து பி.எம்.டபிள்யூ. நம் மறைமலைநகருக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு வெயிலிலேயே, கார்களை ஒன்றுசேர்த்து அனுப்புகிறது, அவற்றிலும் இருக்கிறது. எண்ணூரில் பிறக்கும் அசோக் லேலண்ட் லாரியில் இருக்கிறது. ஊரெல்லாம் திரியும் மாருதியில் இருக்கிறது. இத்தனை பேரும் குளிர் நாட்டை நினைத்துக்கொண்டே ஒரு பாகத்தை வீணாக மாட்டி அனுப்புகிறார்களா? காசு மிச்சம் பிடிப்பதில் கார் கம்பெனியை மிஞ்ச ஆள் கிடையாது. தேவையில்லாத ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர்கள் மாட்ட மாட்டார்கள்.

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை எளிமையானது. உள்ளே ஒரு சிமிழில் மெழுகு. சாதாரணக் காரில் 82 முதல் 88 டிகிரி வாக்கில் அது உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். சூடு தணிந்தால் ஸ்பிரிங் மூடிவிடும். குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும், ஏறியபின் ஒரே சூட்டில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதுவரை மெக்கானிக்குகளும் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் மறந்துவிடுவது பைபாஸை. வால்வு மூடியிருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்ற ஒரு குறுக்குவழி உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, ரேடியேட்டர் வழி திறக்கும்போதே இந்தக் குறுக்குவழியை அடைத்துவிடும். வால்வைப் பிடுங்கிவிட்டால் அடைக்க ஆள் இல்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரின் முகத்தையே பார்க்காமல் திரும்ப இன்ஜினுக்குள் நுழையும், அதுவும் எந்நேரமும்.

இதன் விளைவைக் கள்ளக்குறிச்சி–சேலம் நான்கு வழிச் சாலையிலும் கல்வராயன் மலைச் சாலையிலும் தனித்தனியாகப் பார்க்கலாம். நான்கு வழியில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதிக்கொண்டே இருக்கும், இன்ஜினுக்குப் பளு குறைவு. சூடு 65, 70-லேயே நிற்கும். ஓட்டுபவருக்கு ஒரே மகிழ்ச்சி. அதே காரைக் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமிருந்து வெள்ளிமலைக்கு ஏற்றிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு முதல் கியர், இரண்டாம் கியர். வேகம் இல்லாததால் காற்று இல்லை; பளுவோ உச்சத்தில். ரேடியேட்டருக்கு முழுத் தண்ணீரும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் ஒரு பங்கு குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருக்கும். பாதி மலையில் பானட்டிலிருந்து ஆவி. இறங்கி நிற்பவர்கள் சொல்வது: "பார்த்தீங்களா, நம்ம மலைக்கு இந்த வண்டி ஆகாது." மலையும் வெயிலும் பழியைச் சுமக்கின்றன, வால்வு பட்டறையில் கிடக்கிறது.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. கழற்றக்கூடாது என்ற முடிவு சரி, சொல்லும் காரணம் தவறு. சுற்றி வரும் தண்ணீர்தானே, வேகமாக ஓடினால் அடிக்கடி வரும். கணக்கு நேராகிவிடும்.

சமவெளியில் 65 டிகிரியில் ஓடுவதும் நன்மை இல்லை. பெட்ரோல் காரின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி எரிபொருளைக் கூடுதலாகத் தள்ளும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கி, ஆவியாக வழியின்றி அங்கேயே தங்கும். பி.எஸ்.-6 டீசலில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம்செய்யும் சூடு வராமல் அடைத்துக்கொள்ளும். மைலேஜ் குறைந்தால் அப்போதும் "பெரிய வண்டி, குடிக்கத்தான் செய்யும்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அடுத்தது போர் தண்ணீர். இங்கே எதிராளிக்குப் பாதி நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். கூலன்ட் தண்ணீரைவிட நன்றாகக் குளிர்விக்கும் என்பது விளம்பரப் பேச்சு. தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், சுத்தத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வெப்பத்தைச் சுமக்கும். கூலன்ட்டின் வேலை வேறு: அலுமினியத்தை அரிக்க விடாது, துரு கட்ட விடாது, சீக்கிரம் கொதிக்க விடாது. ஆனால் "அப்போ பச்சைத் தண்ணியே போதும்" என்று இங்கிருந்து தாவினால் விழுவது குழியில். நம் பக்கம் கருங்கல் பாறையைத் துளைத்து எடுக்கும் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பார்த்தாலே தெரியும்: மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அதே பொருக்கு இன்ஜினுக்குள் மிகச் சூடான இடத்தில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், படியும். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இந்தச் சுண்ணாம்பு கடத்தும். தண்ணீர் 90 டிகிரி காட்டும்போதே உலோகம் அதைவிட வெகுவாகச் சூடேறிக் கிடக்கும்.

தெர்மோஸ்டாட்டைச் சிக்க வைப்பதும் பெரும்பாலும் இதே பொருக்கும் துருவும்தான். தண்ணீர் கெடுத்தது, வால்வு மூடியபடியே நின்றது, வண்டி கொதித்தது, வால்வைக் கழற்றியதும் கொதிப்பு நின்றது. ஆகவே குற்றவாளி வால்வு என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த நம்பிக்கை பிறந்த கதை இவ்வளவுதான். நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க வால்வைக் கழற்றுவதில் தப்பில்லை. வீடு சேர்ந்தபின் புதியதை மாட்டாததுதான் தப்பு.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. அவர்கள் தொழில் பழகியது அம்பாசிடரிலும் ஜீப்பிலும் கரும்பு டிராக்டரிலும். பழைய அம்பாசிடரின் பி.எம்.சி. இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டு தரம் கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டிக்கூட ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. இன்றைய சொகுசு காரின் ஹெட் அலுமினியம். வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும், கேஸ்கட் போய்விடும். ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸிங் போட்டு ஏற்றும் செலவில் பல காருக்கு வாங்கிய விலையில் கணிசமான பங்கு கரைந்துவிடும். அந்த மஞ்சள்தூள் இதன் மெல்லிய அலுமினியக் குழாய்களில் போனால் ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரையே அடைக்கும்.

வயதைப் பார்க்காமல் வாங்குபவர்களுக்கும் பங்கு உண்டு. ஜெர்மன் கார் சூடேறுவது உண்மைதான், ஆனால் காரணம் வயது. எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டரின் கழுத்து எல்லாம் பிளாஸ்டிக். பத்தாண்டு சூடும் ஆறலும் பட்டால் கையோடு உடைந்து வரும். பி.எம்.டபிள்யூ.வில் இ46 என்ற பழைய 3 சீரிஸின் எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளப்பதில் உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பியக் குளிரிலும் பிளக்கிறது. அந்தக் காரின் சூடு காட்டும் மீட்டர் முள் இன்னொரு ஏமாற்று. 75 முதல் 115 டிகிரிவரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள்; நகரும்போது காலம் கடந்திருக்கும். அடுத்து வந்த இ90-இல் தண்ணீர்ச் சூட்டுக்கு முள்ளே கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். "முள்ளு ஏறலையே சார்" என்று விற்பவர் சொல்வது முழு உண்மை.

இந்தக் கார்கள் சிலவற்றில் தெர்மோஸ்டாட்டே கம்ப்யூட்டர் சொல் கேட்பது. பி.எம்.டபிள்யூ.வின் என்52 ஆறு சிலிண்டர் இன்ஜினில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. மெதுவாகப் போனால் கம்ப்யூட்டர் சூட்டை 112 டிகிரிவரை விடும், மிதித்தால் 80-க்கு இறக்கும். இதில் வால்வைப் பிடுங்கிப் பேனுக்கு நேர் ஒயர் கொடுப்பது வைத்தியம் ஆகாது. தண்ணீர் ஊற்றியபின் ஏர் லாக் எடுக்கவும் பட்டறைப் பழக்கம் உதவாது: சாவியைப் போட்டு, ஹீட்டரை உச்சச் சூட்டிலும் அதன் காற்றைக் குறைவிலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 10 விநாடி முழுக்க மிதித்தால் பம்ப் தானே 12 நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைத் திறந்தால் துருநீர், விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, இரண்டில் எது இருந்தாலும் கதை புரிந்துவிடும். மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடி தண்ணீரை 120 டிகிரிவரை கொதிக்காமல் வைக்கும். மூடி தளர்ந்தால் நூறிலேயே பொங்கும். பிறகு ஸ்கேனரை மாட்டுங்கள். பி0128 என்ற எரர் கோடு இருந்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எரர் கோடை அழித்துவிட்டுக் காட்டுவார்கள் என்பதால் அதோடு நிற்காதீர்கள். சூட்டின் எண்ணைத் திரையில் வைத்தபடி நான்கு வழியில் கொஞ்ச தூரம், அப்புறம் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டே வெள்ளிமலை ஏற்றம். கீழே 65-இல் படுத்துக்கிடந்து மேலே 115-ஐத் தொட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். கீழே 85-க்குக் குறையாமல், மேலே 110-ஐத் தாண்டாமல் இருந்தால் விலை பேச உட்காரலாம்.