செத்த சரக்கா, உயிர்க் காப்பா?

"பி.காம் படிக்கிறவனுக்கு டர்பைன்ல என்னடா வேலை?"ன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பிரச்னை டர்பைன்ல இல்ல, நம்ம கணக்குப்பிள்ளைகள்கிட்ட.

ஜி.ஈ.யின் மார்க் 6 மாதிரி கட்டுப்பாட்டு அமைப்புகளில், கார்டுகள் எல்லாம் ரேக்கின் பின்னால் இருக்கும் ஒரே போர்டில் செருகியிருக்கும். அதுதான் பேக்பிளேன். மின்சாரமும் தகவலும் அது வழியாத்தான் போகும். லேசில் கெடாது. அதனாலேயே ஸ்டோரில் தூங்கும் உதிரி போர்டைக் கண்டால் நம்மாளுக்குக் கை துறுதுறுக்கும்: "அசையாத சரக்கு, தள்ளிடு!"

ஐயா, தீயணைப்பான்கூடத்தான் அசையறதில்ல. தள்ளிடுவீங்களா?

"மூணு ரேக்கில் ரெண்டு ஒத்துப்போனா போதுமே" என்பார்கள். மும்மடி அமைப்பில் அது உண்மைதான். ஒண்ணு படுத்தாலும் டர்பைன் ஓடும். ஆனா உதிரி வரும்வரை அடுத்த பழுதைத் தாங்கத் தெம்பு இருக்காது.

பொறியாளர்களுக்கும் ஒரு குட்டு: எடுத்தவுடனே பேக்பிளேன் மேல பழி போடாதீங்க. முதலில் மின்வழங்கியின் வோல்டேஜைப் பாருங்க. அப்புறம் ரேக்கை அணைச்சு, கார்டைக் கழற்றி, முள் வளைஞ்சிருக்கா, தூசியா, துருவா பாருங்க. நல்ல கார்டைப் போட்டும் அதே ஸ்லாட் அடம்பிடிச்சால்தான் போர்டை மாத்தணும். ஜம்பர் நிலைகளைக் குறிச்சுக்காம மாத்தறது தற்கொலை!

2016-ல் திருத்தி வந்த நம்ம ஏ.எஸ். 10-ம், தகுதியுள்ள உதிரியை நிலைச் சொத்தாகவே காட்டச் சொல்லுது. பாடத்திலேயே இருக்கு மக்களே. பரீட்சைக்கு மட்டும் படிச்சா எப்படி?