காப்பிலேயே நிற்பவர்கள்

இளம் படைப்பாளி ஒருவருக்குப் பரிசு கொடுத்த மேடையில் மூத்தவர் ஒருவர் ஆசி வழங்கியதும், அந்த ஆசியைச் சக இதழொன்று அப்படியே தலையங்கமாக்கியதும் நண்பர்கள் அறிந்ததே. மேடைப் பேச்சை நாம் பொருட்படுத்தவில்லை. கழுத்தில் சால்வையோடு யாரும் யோசித்துப் பேசுவதில்லை. எழுதியதுதான் உறுத்துகிறது. அடுத்த தலைமுறைக்காக இறைவனை வேண்டுவது மூத்தவர் கடமையாம். அதைப் பணிந்து ஏற்பது இளையவர் கடமையாம். தமிழ் மரபே இதற்குச் சாட்சியாம், பிள்ளைத்தமிழைப் பார்க்க வேண்டுமாம்.

பார்ப்போம்.

பிள்ளைத்தமிழில் குழந்தைக்காகத் தெய்வங்களை வேண்டுவது காப்புப் பருவம். பத்துப் பருவங்களில் அது ஒன்று, அதுவும் முதலாவது. அதை முடித்துவிட்டுப் புலவர் நகர்ந்துவிடுகிறார். பிறகு பிள்ளை செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, நடந்து வருகிறது, அதனோடு விளையாட நிலாவைக் கூப்பிடுகிறார்கள். ஆண்பிள்ளை என்றால் கடைசியில் சிற்றில் சிதைக்கிறது, சிறுபறை கொட்டுகிறது, சிறுதேர் உருட்டுகிறது. 3ஆம் மாதத்தில் காப்பைத் தொடங்கி 21ஆம் மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும் கணக்கொன்று செய்யுள் இலக்கணம் வகுத்த பாட்டியல்காரர்களிடம் உண்டு. நாற்பதை நெருங்கும் கவிஞருக்கு இன்னமும் காப்புக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எந்தப் பாட்டியலைப் படித்தார்களோ! சிற்றில் பருவத்தில் பேசுகிறவர்கள் யார் என்றாவது பார்த்திருக்கலாம். மணல்வீடு கட்டிய சிறுமிகள்தான் ‘அழிக்காதே’ என்று பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். ஆசி சொல்ல அங்கே பெரியவர் எவரும் இல்லை.

காப்பையே இன்னும் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. முதலில் திருமாலை அழைக்க வேண்டும் என்பது விதி. அவன் காக்கும் கடவுள். மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடிய குமரகுருபரரும், சைவராயிருந்தும், திருமாலைத்தான் முதலில் கூப்பிடுகிறார். நபிகள் நாயகத்தின்மேல் பிள்ளைத்தமிழ் பாடிய இஸ்லாமியப் புலவர்கள் காப்பை அல்லாஹ்விடம் வேண்டினார்கள். கடவுள் மாறியும் பருவம் மாறவில்லை. இதைவிடச் சுவையான விதி இன்னொன்று இருக்கிறது. காப்பில் தெய்வங்களின் கொலைத்தொழிலைச் சொல்லக் கூடாது. அசுரனைக் கிழித்ததும் தலையைக் கொய்ததும் பரணிக்கு ஆகும், தொட்டிலுக்கு ஆகாது. புலவர்கள் எல்லாரும் இதை அட்சரம் பிசகாமல் காத்தார்கள் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் அப்படி ஒரு விதியை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஒரு குழந்தைக்கான வேண்டுதலில் இன்னோர் உயிரின் அழிவு கலந்துவிடக் கூடாது என்ற கூச்சம் அது.

அந்தக் கூச்சம் இன்று எங்கே இருக்கிறது? பொதுத்தேர்வு நெருங்கினால் செட்டிபுண்ணியம் ஹயக்ரீவர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பேனா, பென்சில், நோட்டு, ஹால் டிக்கெட் எல்லாம் சன்னிதிக்குப் போய்த் திரும்பி வருகின்றன. பிள்ளை ஒரு பக்கம் வாய்க்குள் சூத்திரம் முணுமுணுக்கிறது, அம்மா ஒரு பக்கம் சுலோகம் முணுமுணுக்கிறாள். மாதா கோயில்களிலும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்குத் தனி ஜெபம் நடக்கிறது. அந்தத் தாயைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. வீட்டை அடகு வைத்துப் படிக்க வைப்பவள் வேறு யாரிடம் போவாள்? ஆனால் அவள் வேண்டுவது மார்க்கை மட்டுமல்ல, சீட்டை. சீட்டு எண்ணி வைத்தது. தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்றால் பக்கத்து வரிசையில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது. இருவரையும் ஒரே அர்ச்சகர்தான் வாழ்த்தி அனுப்புகிறார். கொலை நீக்கிய காப்பு என்று இதைச் சொல்ல முடியுமா? பரிசுக் குழுக்களின் ஆசியும் இதே ஜாதிதான். நெடும்பட்டியலை வெட்டிக் குறும்பட்டியல், அதையும் வெட்டி ஒரு பெயர், அதற்கு மட்டும் இறைவன் அருள்!

பெரியாழ்வாரை நினைத்துக்கொள்கிறோம். சாகாதவனைப் பார்த்துப் பல்லாண்டு பாடியவர் அவர். இவ்வளவு அழகாக இருக்கிறானே, கண்பட்டால் என்ன ஆவது என்ற பதைப்பு. திருவெள்ளறையில் அந்தி சாய்ந்ததும் கண்ணனைக் காப்பிட வரச்சொல்லி அழைப்பவரும் அவரே. உரைகாரர்கள் இதைப் பரிவு என்றார்கள். ஆசி மேலேயிருந்து கீழே இறங்குவது என்ற நினைப்பே அங்கு கிடையாது. அடியவன் ஆண்டவனை வாழ்த்துகிறான். குமரகுருபரர் பற்றிய கதையும் அப்படித்தான். திருமலை நாயக்கர் முன்னால் பிள்ளைத்தமிழ் அரங்கேறும்போது மீனாட்சியே ஒரு சிறுமியாக வந்து, அரசன் மடியில் உட்கார்ந்து, அவன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டாள் என்பார்கள். கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். பாடியவரைப் பாடப்பட்ட குழந்தை சிறப்பிக்கிறது என்று கற்பனை செய்த சமூகத்தையா பணிவுக்குச் சாட்சியாக இழுப்பது? கல்லூரி நாட்களில் அந்தப் பிள்ளைத்தமிழின் வருகைப் பருவத்தைச் சத்தம் போட்டுப் படித்துப் பக்கத்து அறைக்காரர்களிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். சந்தத்துக்காகவே படித்தோம், பக்தி பிறகுதான் வந்தது, சிலருக்கு வரவேயில்லை.

பிள்ளைத்தமிழை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் நாம் வரவில்லை. ஒட்டக்கூத்தர் பாடியது முடிசூடிய குலோத்துங்கனை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடியது சேக்கிழாரை. ராய. சொக்கலிங்கன் காந்தியடிகளைப் பாடினார். பாட்டுடைத் தலைவர் எல்லாரும் ஏற்கெனவே ஊரறிந்தவர்கள். தோற்கவும் காணாமல் போகவும் கூடிய பிள்ளைக்குக் காப்புக் கேட்பதல்லவா பிரார்த்தனை? பாரதி புதிய ஆத்திசூடிக்குக் காப்பு எழுதியபோது அந்த வேலை நடந்தது. சிவனும் திருமாலும் அல்லாவும் ஏசுவின் தந்தையும் அதில் ஒரே பரம்பொருளாக நிற்கிறார்கள், பெயர் தெரியாத பிள்ளைகளுக்காக. காப்பு முடிந்ததும் அவன் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் சொல்லே பயப்படாதே என்பதுதான். யாருக்கும் பயப்படாதே என்றால் ஆசி தருபவருக்கும் சேர்த்துத்தானே?

சக இதழ் அடுத்த இதழில் நமக்குப் பதில் சொல்லும். கடவுள் மறுப்பாளர் என்று எழுதும். மறைவாக நமக்காகப் பிரார்த்திக்கவும் கூடும். அதில் ஆட்சேபம் இல்லை. இந்த இதழில் முதன்முறையாக எழுதும் மூவரில் ஒருவர், நம் பழைய தலையங்கங்களெல்லாம் மூத்தோர் புலம்பல் என்று நான்கு பக்கத்துக்குச் சாடியிருக்கிறார். ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறோம்.