ஆட்களா, பண்டங்களா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் நட்சத்திர வீரரைப் பெறுவதற்காக அணிகள் நடத்தும் பண்டமாற்றைச் 'சாணக்கியம்' என்று மெச்சுவது விளையாட்டுப் பத்தியாளருக்கு வழக்கமாகிவிட்டது. மெச்சட்டும். பண்டம் எது என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.

2025 பெப்ரவரி தொடக்கத்தில், நள்ளிரவு வேளையில், டலஸ் மாவெரிக்ஸ் அணி லூக்கா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸிடம் கைமாற்றியது. முந்தைய ஆண்டுதான் அவர் அந்த அணியை இறுதிப்போட்டிவரை இட்டுச்சென்றிருந்தார். வயது 25. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கோடிகளில் புரள்பவருக்கு என்ன குறை?' என்பார்கள். டலஸிலேயே இருந்திருந்தால் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 34.5 கோடி டொலர் ஒப்பந்தத்துக்கு அவர் உரித்துடையவராகியிருப்பார். கைமாறியதும் அந்தத் தகைமை பறிபோயிற்று. மாற்றத்தைத் தடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் கோருவதற்கே எட்டாண்டு அனுபவமும், அதே அணியில் நான்காண்டுச் சேவையும் வேண்டும்.

ஊதியவரம்பைத் தாண்டிய அணிகள் கொடுக்கும் சம்பளமும் பெறும் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துவரவேண்டும் என்பது விதி. ஆகவே பெருநட்சத்திரம் ஒருவர் நகரும்போது, தராசுத் தட்டில் எடைக்கல்லாகச் சிறிய வீரர்கள் பலரும் ஏற்றப்படுகின்றனர். 2008இல் பாவ் கசோலை மெம்பிஸிலிருந்து பெறுவதற்காக, அப்போது எந்த அணியிலும் ஆடாதிருந்த ஏரன் மக்கீயை லேக்கர்ஸ் ஒப்பந்தம் செய்து அனுப்பியது. கணக்குச் சரிக்கட்ட ஒரு மனிதர்!

ரொறன்ரோவில் ஒன்பது பருவங்கள் ஆடிய டிமார் டிரோசன் 2018 யூலையில் கவாய் லெனார்டுக்கு ஈடாக அனுப்பப்பட்டார். 2019இல் கிண்ணம் வந்தது. அங்குள்ள நம்மவரும் மகிழ்ந்தனர். அடுத்த மாதமே லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அணி விற்றால் வியாபாரம், வீரர் விலகினால் நன்றிகெட்டதனம்: இது எந்த ஊர் நியாயம்?

அறத்தை விடுவோம், சாணக்கியமாவது மிஞ்சுகிறதா? லெனார்டைக் கவர்வதற்காகவே, மாற்றம் கோரியிருந்த போல் ஜோர்ஜையும் கிளிப்பர்ஸ் ஒக்லஹோமாவிடமிருந்து வாங்கியது. விலை: புதுமுகத் தெரிவில் முதற்சுற்று உரிமைகள் ஐந்து, டனிலோ கலினாரி, கூடவே ஒரேயொரு பருவம் ஆடியிருந்த ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். 2024இல் ஜோர்ஜ் ஒப்பந்தம் முடிந்து பிலடெல்பியாவுக்குச் சென்றார். கிளிப்பர்ஸுக்கு ஈடாக எவரும் கிடைக்கவில்லை. 2025இல் ஷாய், ஒக்லஹோமாவுக்காகக் கிண்ணத்தை ஏந்தினார்.