காத்திருக்கும் இசை

திரைப்படத்திற்குப் பின்னணி இசை அமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. காட்சி எத்தனை நொடி நீளும், கதவு எப்போது திறக்கும், கண்ணீர் எப்போது விழும் என்பன யாவும் அவர் இசைக்குறிப்பு எழுத அமரும்போதே முடிவாகியிருக்கும். காணொளி விளையாட்டுக்கு இசையமைப்பவருக்கு அவ்வசதி இல்லை. விளையாடுபவர் ஒரு குகைவாயிலில் பத்து நொடி நிற்கலாம். அரைமணி நேரம் நிற்கலாம். உள்ளே நுழையாமலே திரும்பியும் விடலாம். எப்போது நிகழும் என்றே தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே இசை எழுதுவது எளிய செயலன்று. ஆயினும், 'விளையாட்டுச் சத்தம்' என்று ஒரே சொல்லில் அதனை ஒதுக்கிவிடுகிறோம். அதைத் தனியொரு கலைவடிவமாகக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. அயற்கோள் உயிர்கள் 55 அணிவகுத்துக் கீழிறங்கி வரும். பின்னணியில் ஒலிப்பவை நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள். சுட்டு வீழ்த்த வீழ்த்த, எஞ்சிய உயிர்களின் வேகம் கூடும். அந்நான்கு சுரங்களும் உடன் விரையும். உயிர்கள் விரைவதன் காரணம் வேடிக்கையானது. வரையவேண்டிய உருவங்கள் குறையக் குறைய, அக்காலக் கருவி தன் பணியை விரைவாக முடித்தது, அவ்வளவே. ஆனால், விளைவைப் பாருங்கள். வென்றுகொண்டே வருபவருக்கு அச்சம் மிகுந்துகொண்டே போகிறது. ஒரு பாட்டுகூட இல்லாமல், நெஞ்சத் துடிப்பை ஒத்த நான்கு ஒலிகளால் இது நிகழ்ந்தது.

ஏழாண்டுகளுக்குப் பின் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டிற்கு கோஜி கொண்டோ இசையமைத்தார். அவர் கையிலிருந்த கருவியில் ஐந்து ஒலித்தடங்களே இருந்தன. அவற்றைக் கொண்டே நிலத்துக்கு ஓர் இசை, பாதாளத்துக்கு ஓர் இசை, நீருக்கடியில் நீந்தும்போது மூன்றெண்ணிக்கையில் அசைந்தாடும் வேறோர் இசை என அமைத்தார். நிலத்துக்கேற்ற யாழையும் பறையையும் கருப்பொருளில் வைத்த தொல்காப்பியத்தைக் கற்ற நமக்கு, இடத்துக்கு உரியது இசை என்னும் இவ்வெண்ணம் புதிதன்று. நேரம் குறைந்துவிட்டால் அதே இசை விரைவுபெறும். கடிகாரத்தை நோக்காமலே விளையாடுபவர் ஓடத் தொடங்குவார்.

இக்கலையின் உண்மையான திருப்பம் 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' என்னும் விளையாட்டில் நிகழ்ந்ததாகவே நான் கருதுகிறேன். அதுவரை, ஓரிடத்தைவிட்டு வேறிடம் சென்றால் பழைய இசை சட்டென அறுந்து புதியது தொடங்குவதே பெருவழக்கு. பாடிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போன்றது அது. லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் இசைக்கலைஞர்களான மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் இதற்கு 'ஐமியூஸ்' என்னும் தீர்வைக் கண்டனர். இசையை ஒலிப்பதிவாக வைக்காமல், எந்தச் சுரம், எந்தக் கருவி, எப்போது என்னும் கட்டளைகளாக அவர்கள் வைத்தனர். விளையாடுபவர் ஒரு கதவைத் திறந்தால் இசை உடனே அறுபடாது. பொருத்தமான இடம் வரும்வரை சென்று, ஓர் இணைப்புச் சொற்றொடர் போன்ற சிறு பகுதியின் வழியே அடுத்த இசைக்குள் நுழையும். அவ்விளையாட்டில் உடைந்த கப்பல்களால் ஆன ஊர் ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கப்பலுக்குள் நுழையும்போதும் ஊரின் மெட்டு வேறொரு கருவியை அணிந்து வேறொரு முகம் காட்டும். வெளியே வந்தால் மீண்டும் ஊரின் மெட்டாகிவிடும். எத்தனைமுறை நுழைந்து வந்தாலும் தையல் தெரியாது. கேட்பவரின் அடுத்த அடிக்காகக் காத்திருக்க இசைக்குக் கற்றுக்கொடுத்த முயற்சி இது. மேடைக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் செய்யும் வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்தார்கள் எனலாம்.

இவ்விசையின்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதைப் புறந்தள்ள இயலாது. மனத்தை மயக்கிப் பொழுதை விழுங்கச் செய்வதில் இதற்கும் பங்குண்டு என்பர். கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் இது முற்றிலும் உண்மை. இடைவிடாது சுழலும் துள்ளல் மெட்டும், நாணயம் விழும் கிணுகிணுப்பும் விளையாடுபவரை எழவிடாமல் வைத்திருக்கவே அமைந்தவை. அவற்றைக் கலை என வாதாட நான் முன்வரமாட்டேன். ஆனால், ஒரு வகையின் தாழ்ந்த மாதிரிகளைக் கொண்டு அவ்வகை முழுவதையும் எடைபோடும் வழக்கத்தை நாம் திரைப்படத்திடமோ புதினத்திடமோ காட்டுவதில்லை. எழவிடாத இசையையும் இருக்கவிடும் இசையையும் பிரித்தறியச் செவியைப் பழக்குவதே பயனுள்ள வேலை.

இருக்கவிடும் இசைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டைச் சொல்வேன். அதன் தொடக்ககால இசையை அமைத்தவர் 'சி418' என்னும் புனைபெயர் கொண்ட ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட். அங்கே பெரும்பொழுது இசையே இராது. மண்ணை வெட்டும் ஓசை, மழை, ஆட்டின் குரல் ஆகியவை மட்டும் கேட்கும். பல நிமிடங்கள் கழித்து, எந்த நிகழ்ச்சியையும் சாராமல், மெல்லிய பியானோச் சுரங்கள் சில எழும், சற்றே உலவும், அடங்கிவிடும். வெற்றிக்கு வாழ்த்தும் இல்லை, தோல்விக்கு ஒப்பாரியும் இல்லை. தான் கட்டிய வீட்டின்முன் வெறுமனே நிற்பவருக்கும் அவ்விசை வந்து சேரும்.

2025இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவ்விசைத்தொகுப்பைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. மாரியோவின் இசை 2023இலேயே அதில் இடம்பெற்றுவிட்டது. மகிழத்தக்க செய்தியே. எனினும், இசைத்தொகுப்பில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. மழைக்கும் பியானோவுக்கும் இடையே விளையாட்டு விட்டுவைத்த அந்த நீண்ட மௌனம் அதில் இல்லை. அதைக் கேட்க விளையாட்டுக்குள்தான் செல்லவேண்டும்.