உதவி அங்கன்வாடிக்கே வரட்டும்

தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஒன்று வந்தால், கண்டுபிடித்து மேலே அனுப்பு என்பதுதான் இன்றைய நடைமுறை. சரி, அனுப்புகிறோம். மறுநாள் காலை அந்தப் பிள்ளை என் மையத்துக்குத்தானே வருகிறது? அதற்கப்புறம் நடக்க வேண்டியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வயது நடக்கும்போது அவன் அம்மா கூட்டி வந்தார். அதற்கு முன் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று சில வாரங்களிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேண்டியதை அவன் விரல் நீட்டிக் காட்டமாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருள் மேல் வைப்பான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். ‘ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும், அவன் தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசுனாராம்’ என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் ஒரு வருடத்தைக் கடத்தியிருந்தார்கள். ‘நான் வளத்ததுல எதுவும் தப்பா டீச்சர்?’ என்று அந்த அம்மா கேட்டார். அவனிடம் தெரிந்தவை ஆட்டிசத்தின் அறிகுறிகள். வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. இதை ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் ஒவ்வொரு தாய்க்கும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். 2013இல் வந்த திட்டம், நல்ல திட்டம். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டோடு தாயும் பிள்ளையும் மாவட்ட மையத்துக்குப் போனார்கள். அவர் பீடி சுற்றிப் பிழைப்பவர். ஒரு நாள் டவுனுக்குப் போனால் பஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய பீடிக் கூலி போவது இன்னொரு பக்கம். அங்கே அமைதியான அறையில், ஒருவருக்கு ஒருவராகப் பயிற்சி நடக்கும். இங்கேயோ ஒரே அறை. பாட்டும் அழுகையும் சேர்ந்து கேட்கும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அங்கே கற்றதை இங்கே கொண்டுவர அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் ஒருவர் பக்கத்துப் பள்ளிக்கு வந்துபோவார். கேட்டுக்கொண்டதும் தன் நேரத்தில் ஒரு காலை எங்கள் மையத்தில் வந்து உட்கார்ந்தார். அவனிடம் எதுவும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: ‘இவன் பிடிவாதத்துல ஓடல டீச்சர். அடுத்து என்ன நடக்கும்னு தெரியாம பயந்து ஓடுறான்.’

பாய், குழாய், தட்டு, செருப்பு என்று எங்கள் மையத்துப் பொருள்களையே போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, அவன் கண் உயரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒரு வேலை முடிந்ததும் அந்த அட்டையைத் திருப்பிப் போடுவோம். குக்கர் வைத்ததும் உதவியாளர் அக்கா முன்கூட்டியே குரல் கொடுப்பார். நான் அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவேன். கலவை சாதத்தைத் தொடமாட்டான். கலப்பதற்கு முன் கொஞ்சம் வெறுஞ்சோறு எடுத்துவைத்தோம். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றான், தின்னட்டும் என்று விட்டோம். பாட்டு வேளையில் தினமும் அதே பாட்டில்தான் தொடங்குவோம். எங்கள் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் பாட்டுக்கா பஞ்சம்! சில மாதங்களில் பாயில் உட்கார்ந்தான். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, யாரும் சொல்லாமலே, தட்டு அட்டையை எடுத்து அவன் முன் நீட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் முட்டைக் கூடையை நோக்கி அவன் விரல் நீட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அம்மாவுக்கு உடனே போன் செய்தேன்.

இதில் பெரிய செலவு ஏதுமில்லை. தேவைப்பட்டது, இந்த அறைக்குள்ளேயே வந்து, இந்தப் பிள்ளையைப் பார்த்து, எனக்குச் சொல்லித்தர ஓர் ஆள்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பர் 28 அன்று வெளியிட்டது. ஆரம்பத்திலேயே கண்டறிவது, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ப்பது, குடும்பத்துக்குத் துணை நிற்பது எல்லாம் அதில் உண்டு. மனமார வரவேற்கிறேன். ஆனால் கூட்ட அரங்கில் திரையைப் பார்த்துப் பெறும் பயிற்சியை, பிள்ளை தரையில் புரண்டு அழும்போது பயன்படுத்துவது எளிதல்ல. கூடுதல் பொறுப்பாக இரண்டு மையங்களைப் பார்க்கிறவர்களும், உதவியாளர் இல்லாமல் சமைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம்.

சட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஆனால் அதன் 31ஆவது பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது; அதுவும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டமும் ஆறிலிருந்துதான். பேச்சும் பழக்கமும் உருவாகிற முதல் ஐந்து வருடங்களுக்கு இந்தப் பிரிவுகளில் இடமில்லை. ஆகவே சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பணியாளருக்குச் சந்தேகம் வந்த அன்றைக்கே உதவி தொடங்க வேண்டும்.

நான் சமூக நலத் துறையின் கீழ் இருக்கிறேன். மருத்துவக் குழு சுகாதாரத் துறை. சிறப்பாசிரியர் பள்ளிக் கல்வித் துறை. சான்றிதழும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. மூன்று வயதுப் பிள்ளை நான்கு துறைகளுக்கு நடுவில் நிற்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே, ஆய்க்குடியில், 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதன் பயிற்சி பெற்ற கிராம அளவிலான பணியாளர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போகிறார்கள். பின்னால் நிபுணர்கள் இருந்து வழிகாட்டுகிறார்கள். உதவியை ஊருக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அரசு கேட்க வேண்டியது அவர்களை. படிக்க வேண்டியது அந்த அனுபவத்தை.

இப்படிப்பட்ட பிள்ளை உள்ள மையத்துக்கு வாரத்தில் அரை நாள் சிறப்பாசிரியர் வருவதை அவருடைய பணி அட்டவணையிலேயே எழுத வேண்டும். அவர் நல்ல மனசு வைத்தால்தான் உண்டு என்கிற நிலை மாற வேண்டும். அந்த மையத்தில் உதவியாளர் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கக்கூடாது. முடிந்தால் இன்னோர் ஆள் வேண்டும். ஊதியத்தோடு அந்த வேலையை ஊர்ப் பெண் ஒருவருக்கே கொடுக்கலாம்.

பையன் சீக்கிரமே ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பான், எந்த அட்டை புரியும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை வாங்கிப் படிக்க வேண்டிய கடமை இப்போது யாருக்கும் இல்லை. சேர்க்கைப் படிவத்தோடு அந்த நோட்டையும் பள்ளி பெற்றுக்கொள்ள வேண்டும், ஜூன் மாதத்துக்கு முன்பே வகுப்பாசிரியர் ஒரு காலை எங்கள் மையத்துக்கு வந்து அவனைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆணை போடுங்கள்.